குடிக்காதவன் சீசாவில் மது

"மது உள்ளது." திருச்சியிலிருந்து வந்த தாளில் என் பெயருக்கு எதிரே இருந்தவை இந்த இரண்டு சொற்கள்தான். நாள் 1978 மார்ச் 27, திங்கட்கிழமை. முந்தின நாள் ஈஸ்டர். ஆலயத்தில் அன்றைய வேத பாடத்தை வாசித்தவன் நான். மறுநாள் காலை பத்தரை மணிக்குக் குடிகாரன் ஆனேன்.

நான் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. என் தகப்பனார் தொட்டார். அதனால்தான் நான் தொடவில்லை.

ஆண்டவருடைய உதவியைக் கண்டவர்கள் எழுதும் இந்தப் பக்கங்களை நான் பல வருடமாகப் படித்து வருகிறேன். நாளும் கிழமையும் இல்லாமல் எழுதப்பட்டதைப் படித்தால் எனக்குச் சந்தேகம் வரும். என் சுபாவம் அப்படி. ஆகவே அந்த வருடத்து டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நினைவில் இருந்து டைரியில் இல்லாத எதையும் சேர்க்கவில்லை.

அப்போது நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு எழுத்தராக இருந்தேன். எத்தனை பெட்டி உள்ளே வந்தது, எத்தனை வெடிக்குச்சி வெளியே போனது என்று எழுதி வைப்பது என் வேலை. குடியிருந்தது குன்னத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு 1971 முதல் சர்க்கரை வியாதி. காலை ஆறு மணிக்குக் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து நானே தொடையில் ஊசி போட்டுக்கொள்வேன். அதற்கு முன் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சுவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், அதிகம் இருந்தால் செங்கல் நிறம். அன்றன்றைய நிறத்தை டைரியில் எழுதுவேன். என் டைரியில் செங்கல்தான் அதிகம்.

1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவசரத்தில் டிபன் பாக்சை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். ஊசிக்குப் பின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். பகல் பதினோரு மணிக்குப் பேனா கையில் நிற்கவில்லை. அதுவரைதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். சட்டையின் முன்பக்கம் முழுதும் நனைந்து பிசுபிசுவென்று இருந்தது. மேனேஜர் தலைமாட்டில் நின்றார். நான் தள்ளாடியதாகவும், நாக்குக் குழறியதாகவும், அவரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வெடிமருந்து இருக்கும் இடம். அப்போது மாநிலம் முழுவதும் மதுவிலக்கு. அவர் என்ன நினைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜீப்பில் ஏற்றி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை.

"சார், எனக்கு சர்க்கரை வியாதி" என்றேன்.

"சர்க்கரை வியாதிக்காரன் குடிக்க மாட்டானா?" என்றார் டூட்டி டாக்டர். "வாயில ஒரு வாடை வருதே, அது என்னா?"

அப்போதே ஒரு சீசாவைக் கழுவி ஈரத்தோடு கையில் கொடுத்தார்கள். சிறுநீர் பிடித்துக் கொடுத்தேன். அதற்குத்தான் பதின்மூன்று நாள் கழித்துத் திருச்சி சோதனைச்சாலையிலிருந்து அந்த இரண்டு சொற்கள் வந்தன.

எனக்குத் துக்கம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. யார் செய்தது? அதை ஒரு தாளில் எழுதினேன். முதல் பெயர் செல்வராசு. என் கிடங்கில் உதவியாள். நான் போனால் அந்த நாற்காலி அவனுக்கு. என் சட்டை எப்படி நனைந்தது? மயக்கத்தில் கிடந்தவன் வாயில் சாராயத்தை ஊற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அன்று முதல் அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

இரண்டாவது, பச்சமுத்து. குன்னம் ஏரிக்கரையில் பனை ஏறிப் பதநீர் இறக்குகிறவர். அவரைப் பற்றி நான் மறைத்துவிடலாம். மறைக்கமாட்டேன். 1977 ஜூனில், அவர் பதநீர் என்ற பெயரில் கள் விற்கிறார் என்று போலீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதியவன் நான். காலியான அவருடைய பானைகளின் பக்கமாகப் போனபோது புளித்த வாடை வந்தது. அவ்வளவுதான் என் ஆதாரம். ஆனால் எந்தெந்தத் தேதியில் வாடை வந்தது என்று வரிசையாக எழுதினேன். அவரைப் பதினொரு நாள் உள்ளே வைத்தார்கள். சீசன் நேரம். பானைகளை உடைத்துப் போட்டார்கள். வழக்கும் போட்டார்கள். மதுவை எதிர்த்து ஊழியம் செய்தேன் என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆகவே அவர் பழிவாங்கக் காரணம் உண்டு என்று எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம் மேனேஜருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. "உங்கள் கிடங்கு எழுத்தர் திருந்தவில்லை" என்று இருந்ததாம். ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை, நான் நல்ல நினைவோடு கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கவில்லை.

"ஏறுங்க" என்றார்.

அதே ஆஸ்பத்திரி. அதே மாதிரி சீசா. அன்று காலை டைரியில் நிறம் செங்கல். மே 2-ஆம் தேதி பதில் வந்தது. மது உள்ளது.

மேனேஜர் கெட்டவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "மூணாவது ஒண்ணு எடுக்கப்போறேன். என்னைக்குன்னு சொல்லமாட்டேன். அதுலயும் இருந்தா வேலை போச்சு. சீசாவ நேரா மதுவிலக்குப் போலீசுக்கே அனுப்பிடுவேன். அதுவரைக்கும் கெடங்குப் பக்கம் வராதீங்க. வூட்ல இருங்க."

வீட்டில் இருந்தேன். இருந்து என்ன செய்தேன்? என் மனைவி எஸ்தரைச் சந்தேகித்தேன். அவள் எனக்குத் தினமும் ஒரு கஷாயம் வைத்துக் கொடுப்பாள். வைத்தியர் கடைகளில் விற்கும் அரிஷ்டங்களில் மது உண்டு என்று படித்திருந்தேன். வியாதி குணமாகட்டும் என்று அவள் எனக்குத் தெரியாமல் அதைக் கலக்கிறாளோ? அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அடுக்களை முழுதும் தேடினேன். ஒவ்வொரு சீசாவையும் திறந்து முகர்ந்தேன். வேப்பெண்ணெய், வினிகர், மண்ணெண்ணெய்.

அவள் வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "இன்னும் அந்த உப்பு ஜாடிய மோந்து பாக்கலீங்களே" என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அன்று முழுதும் என்னோடு பேசவில்லை.

ஆலயத்தில் இன்னொன்று நடந்தது. திருவிருந்தில் தரும் திராட்சை ரசம் ஒரு மடக்குத்தான். ஆனாலும் அது சோதனையில் தெரிந்துவிட்டால்? பயத்தில் ஏப்ரல் முதல் நான் அந்த வரிசையில் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சபையார் என்ன நினைப்பார்கள்? மனசாட்சி குத்துகிறது, அதனால்தான் எழுந்து வரமாட்டேன் என்கிறான் என்று நினைத்தார்கள். மே மாதம் போதகர் ஐயா என்னைத் தனியே அழைத்து, "வேத பாடத்தைக் கொஞ்ச நாள் வேற ஒருத்தர் வாசிக்கட்டும் தம்பி" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக அந்தத் தாளில் ஒரு பெயர் எழுதினேன். என் பெயர்.

சர்க்கரை இறங்கும்போது எனக்கு நினைவு தப்பும். அந்த அரைமணி, ஒருமணி நேரத்தில் நான் எங்கே போகிறேன், என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. வாழ்நாளில் சொல்லாத வார்த்தையைச் சொன்னவன், வாழ்நாளில் குடிக்காததைக் குடித்திருக்க மாட்டானா? என் தகப்பனின் இரத்தம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது?

மே 5, வெள்ளிக்கிழமை. ஊசி போடுகிறவன் உபவாசம் இருக்க முடியாது. ஆகவே இரண்டு இட்டிலி சாப்பிட்டுவிட்டு, பெரம்பலூர் பஸ் ஏறி ஆலயத்துக்குப் போனேன். பகல் மூன்று மணி. யாரும் இல்லை. அதுவரை ஒன்றரை மாதமாக நான் செய்த ஜெபம் ஒன்றே: "ஆண்டவரே, இதைச் செய்தவனைக் காட்டும்." அன்று அந்த ஜெபம் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது. "ஆண்டவரே, நான்தான் குடிக்கிறேன் என்றால் அதையாவது காட்டும். எனக்குத் தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து வெட்கப்படுவது மேல்." சொல்லி முடித்ததும் பயந்துபோனேன். வாபஸ் வாங்கலாமா என்றுகூட நினைத்தேன். அழுதேன்.

அன்றிரவு ஒரு யோசனை தோன்றியது. அதை விசுவாசம் என்று சொல்லமாட்டேன், சந்தேகம்தான். ஆஸ்பத்திரியில் சீசாவை மாற்றுகிறார்கள் என்றால், நானே ஒரு சீசா பிடித்து, முத்திரை வைத்து, திருச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு சிரப் சீசாவைக் கொதிக்க வைத்துக் காய வைத்தேன். மே 6, சனி, காலை 6.10. நிறம் செங்கல். சீசாவில் நிரப்பித் தக்கையை இறுக்கி, மெழுகு உருக்கி ஊற்றி, தேதி எழுதி ஒட்டினேன். வியாழக்கிழமை திருச்சி போவதாக ஏற்பாடு.

"அத வூட்டுக்குள்ள வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் எஸ்தர். கொல்லைக் குளியலறை மூலையில் ஒரு சட்டியால் மூடி வைத்தேன். அக்கினி நட்சத்திர வெயில்.

மே 11, வியாழன் காலை. சட்டியைத் தூக்கினேன். மெழுகு உடைந்திருந்தது. தக்கை சட்டிக்குள்ளேயே தெறித்துக் கிடந்தது. சீசாவின் கழுத்தில் நுரை. சுற்றிலும் எறும்பு. குனிந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியும். என் தகப்பனார் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவருக்கு முன்னால் வந்த வாடை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டேன், காட்டிவிட்டார் என்று எண்ணினேன். என் உடம்பிலிருந்தே கள் வருகிறது. எஸ்தரைக் கூப்பிட்டேன்.

"நான்தான் குடிக்கிறேன் போலிருக்கு எஸ்தர்" என்றேன்.

"எப்ப?" என்றாள். "சனிக்கிழமையிலேருந்து நான் உங்களவிட்டு நகரவே இல்ல. நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க, நான் உங்களக் காவல் காத்தேன். எப்பக் குடிச்சீங்க?" பிறகு குனிந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். "சனிக்கிழமை பிடிச்சப்ப இந்த வாடை இருந்துச்சா?"

இல்லை. நான் யோசிக்கவே இல்லை. அன்று இந்த வாடை இல்லை.

"கள்ளு வாடையத் தெரிஞ்ச ஆளக் கேட்டாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். பஸ் நிறுத்தத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்த பச்சமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"என்னா சார், இந்தத் தடவ என்னா பெட்டிசனு?" என்றார் அவர்.

எஸ்தர் சீசாவை நீட்டினாள். ஒரு மோப்பம்தான். "கள்ளுதான். அஞ்சாறு நாள் புளிச்சது. எந்த மரத்துக் கள்ளு சார் இது, இவ்ளோ நாத்தம்?"

"அவரோட சிறுநீரு அண்ணே" என்றாள் எஸ்தர்.

பச்சமுத்து சீசாவைக் கீழே வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். காறித் துப்பினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போன வருசம் எம் பானைய நீங்க மோந்து பாத்தீங்க. இந்த வருசம் உங்க பானைய நான் மோந்து பாக்குறேன். நல்லாருக்கு சார் ஞாயம்!"

சிரிப்பு அடங்கியதும் சீசாவைச் சுற்றி ஓடிய எறும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்குச் சக்கர வியாதி இல்ல? எறும்பு மொய்க்குதுன்னா இனிப்புத் தண்ணிதான இது. இனிப்புத் தண்ணிய வெறும் பானையில வுட்டா சும்மா இருக்குமா சார்? பனையிலேருந்து எறங்குறதும் இப்படித்தான். பானைக்குள்ள சுண்ணாம்பு தடவி வச்சாப் பதநீரு. தடவலைன்னா வெயிலு ஏறுறதுக்குள்ள நொரை கட்டிக் கள்ளாயிடும். மரம் என்னா, கள்ளா குடிச்சுச்சு?"

அவரே தொடர்ந்தார். "எறக்கிக் காலியாக்குன பானையில ஒட்டியிருக்குறது புளிக்கத்தான் செய்யும். அந்த வாடையத்தான் நீங்க எழுதுனீங்க. எம் பானையில சுண்ணாம்பு இருந்துச்சு சார். தொட்டுப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"நான் எழுதுனதுன்னு உனக்குத் தெரியுமா?"

"ஸ்டேசன்லயே சிரிச்சாங்க. தேதி, கெழமை, மணி எல்லாம் போட்டு எழுத இந்தக் குன்னத்துல வேற யாரு இருக்கா?"

என் பழைய புத்தி அப்போதும் போகவில்லை. "அப்ப மேனேஜருக்கு எழுதுனது நீயா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏன் சார் மரம் ஏறுறேன்?" என்றார்.

அவர் காலில் விழப் போனேன். விலகிக்கொண்டார். "மொதல்ல கையக் கழுவுங்க சார்" என்றார்.

பாடாலூரில் சனிக்கிழமைதோறும் திருச்சியிலிருந்து வந்து நோயாளிகளைப் பார்க்கும் லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். மே 13, நானும் எஸ்தரும் போனோம். டைரியைக் கொடுத்தேன். இரண்டு சோதனை நாட்களின் நிறத்தையும் பார்த்தார். இரண்டும் செங்கல். பச்சமுத்து சொன்னதைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில சீசாவுக்குள்ள வெள்ளையா ஏதாவது பொடி போட்டாங்களா?"

"இல்லீங்கம்மா. கழுவி ஈரத்தோட குடுத்தாங்க. மார்ச் 14-ல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"உடனே அனுப்பினாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். யாராவது வேறு வேலையாகத் திருச்சிக்குப் போகும்போது கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அதுவரை ஜன்னல் மேடையில் இருக்கும். வெயில் படும் ஜன்னல்.

டாக்டரம்மா அன்றே என்னிடம் இரண்டு சீசா பிடித்தார். ஒன்றில் கெடாமல் இருக்கப் பொடி போட்டார். மற்றதில் போடவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் ஐந்து நாள் வைத்துத் தமக்குத் தெரிந்த சோதனைச்சாலையில் கொடுத்தார். மே 20-ஆம் தேதி பதில். பொடி போட்டதில் மது இல்லை. போடாததில் மது உள்ளது. இரண்டும் ஒரே மனிதனிடமிருந்து, ஒரே நிமிடத்தில் பிடித்தவை. "உங்க ஒடம்புல சாராயம் இல்ல. சீசாவுலதான் உண்டாயிருக்கு. வாயில வந்த வாடையும் இந்த வியாதிக்கு உண்டானதுதான்" என்று சொல்லி அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்தர் அழுதாள்.

மே 22, திங்கள். மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "டாக்டரம்மா உங்களுக்குச் சொந்தமா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "சரி. மூணாவது நான் எடுத்தே தீருவேன். ஆனா பொடி போட்டு, என் கண்ணு முன்னால, என் சீல் வச்சு" என்றார்.

மே 29, திங்கட்கிழமை எடுத்தார். அன்றே திருச்சிக்குக் கொண்டுபோக அவர் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? செல்வராசுவை. ஜீப் வரை அவன் பின்னாலேயே போனேன். அவன் சீசாவைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"சார், அன்னைக்கு உங்க வாயில வெல்லத் தண்ணி ஊத்துனது நான்தான். பல்லக் கடிச்சுக்கிட்டீங்க, பாதி சட்டையில போயிடுச்சு. எங்க சித்தப்பாவுக்கும் இந்த வியாதிதான்."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"ரெண்டு மாசமா நீங்க எங்கிட்டப் பேசவே இல்லியே சார்" என்றான்.

மே 31, புதன்கிழமை மாலை பதில் வந்தது. மது இல்லை. ஜூன் முதல் தேதி கிடங்குச் சாவியை மேனேஜர் என் கையில் கொடுத்தார். செல்வராசு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மேனேஜருக்கு அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. தேடுவதையும் விட்டுவிட்டேன்.

ஜூன் 2-ஆம் தேதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். 1977-இல் மொட்டையாக எழுதியவன் நான்தான், ஆதாரமில்லாமல் எழுதினேன் என்று என் முழுப்பெயரையும் விலாசத்தையும் போட்டு எழுதிக் கொடுத்தேன். என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும். பச்சமுத்துவின் வழக்கு தள்ளுபடியாக ஆடி மாதம் ஆயிற்று. அவரை ஆலயத்துக்கு அழைத்தேன். "எனக்கு எங்க சாமி இருக்கு சார். உங்க சாமி கேட்டா, சுண்ணாம்பு தடவுற ஆளுன்னு மட்டும் சொல்லி வைங்க" என்றார். சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் சொல்கிறேன்.

ஜூன் 4, ஞாயிறு. திருவிருந்து வரிசையில் நின்றேன். எஸ்தர் எனக்கு முன்னால் நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வந்தேன். பாத்திரம் என் வாயருகே வந்தபோது ஒரு மடக்கு வாங்கிக்கொண்டேன். சோதனையில் தெரிந்துவிடுமோ என்று எண்ணவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யார் மீதோ இன்று ஒரு பொய்யான தாள் இருக்கலாம். ஆஸ்பத்திரித் தாளோ, கோர்ட்டுத் தாளோ, வெறும் ஊர்ப் பேச்சோ. "இதைச் செய்தவனைக் காட்டும்" என்று நீங்கள் ஜெபித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஜெபித்தேன். ஒரே ஒரு நாள், "என்னைக் காட்டும்" என்று கேட்டுப்பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். பதில் நீங்கள் எதிர்பாராத ஆளின் வாயிலிருந்து, சிரிப்போடும் வரலாம். எனக்கு வந்த பதிலில் என் குற்றமும் இருந்தது, என் விடுதலையும் இருந்தது. இரண்டையும் ஆண்டவர் ஒரே காலையில் காட்டினார். விடுதலையை மட்டும் காட்டியிருந்தால் நான் வேலைக்குத் திரும்பியிருப்பேன். மனிதரிடம் திரும்பியிருக்க மாட்டேன்.

அவருக்கே ஸ்தோத்திரம். இன்று காலை நிறம் பச்சை.